பாடசாலைகளில் வருஷ முடிவும் பிள்ளைகளை வழியனுப்புதலும்

(ஆத்தூர் வட்டாரத்துக் கிராமவாசிகளுக்கான பிரசங்கம்)



சித்திரை பிறந்துவிட்டால் ஆத்தூர்ப் பிரதேசத்தில் மூன்று காரியங்கள் ஒரே சமயத்தில் வந்து சேருகின்றன. மல்லிகைத் தோட்டங்களில் பூ ஏராளமாய்ப் பூக்கிறது. மலையடிவாரத்து மாந்தோப்புகளில் காய் முற்றுகிறது. பாடசாலைகளில் வருஷப் பரீட்சை முடிந்து, பிள்ளைகளும் உபாத்தியாயர்களும் ஒருவரிடம் ஒருவர் விடைபெற்றுக்கொள்ளுகிறார்கள். முதலிரண்டைப் பற்றி வீடுதோறும் கணக்குப் பார்க்கப்படுகிறது. பூ கிலோ என்ன விலைக்குப் போயிற்று, எத்தனை கூடை மாங்காய் சந்தைக்குச் சென்றது என்பதைச் சொல்லத் தெரியாத குடியானவர் இல்லை. மூன்றாவதற்கு மட்டும் அத்தகைய கணக்கு வைக்கும் வழக்கம் இன்னும் ஏற்படவில்லை.

வருஷ முடிவில் பாடசாலைகளில் ஆண்டு விழா நடக்கிறது. தலைமை உபாத்தியாயர் அறிக்கை வாசிக்கிறார். பதிவில் உள்ள பிள்ளைகளின் தொகை, ஓட்டப் பந்தயத்தில் கிடைத்த பரிசுகள், புதிதாய்க் கட்டிய சுற்றுச்சுவர், நன்கொடையாக வந்த நாற்காலிகள் முதலிய செய்திகள் அதில் இடம்பெறுகின்றன. சிறு பெண்கள் கும்மியடிக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பை முடித்தவர்களுக்கு மிட்டாயும் பேனாவும் கொடுத்து வாழ்த்தி அனுப்புகிறார்கள். இவை யாவும் நல்லனவே. குழந்தையின் பெயரைச் சபையில் உரக்கச் சொல்லி அழைப்பதைக் கேட்டு ஒரு தாய் அடையும் மகிழ்ச்சிக்கு விலை கிடையாது. ஆயினும் அந்த விழாவில் வாசிக்கப்படாத ஒரு கணக்கு உண்டு. சென்ற வருஷம் இதே பந்தலில் விடைபெற்றுப் போன பிள்ளைகளுள் எத்தனை பேர் ஜூன் மாதத்தில் வேறொரு பாடசாலையின் படியேறினார்கள் என்பதே அது.

ஆத்தூர், கீழ்ப் பழனி மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது. குடகனாற்றின் குறுக்கே கட்டப்பட்டுக் காமராஜர் பெயரைத் தாங்கி நிற்கும் நீர்த்தேக்கம் அவ்வூருக்கு அருகேதான் இருக்கிறது. அதிலிருந்து திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் செல்லுகிறது. 1985ஆம் வருஷம் வரை இப்பகுதி முழுவதும் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அவ்வருஷம் செப்டம்பரில்தான் திண்டுக்கல் தனி ஜில்லாவாயிற்று. கிழக்கே மதுரை சாலையில் சின்னாளபட்டி, சுங்குடிச் சேலைக்குப் பெயர் பெற்றது. இடையிலுள்ள சிற்றூர்களில் பூவும் தென்னையும் காய்கறியும் பயிராகின்றன. இத்தகைய சிற்றூர்களில் சாதாரணமாக இருப்பது ஐந்தாம் வகுப்பு வரையுள்ள ஆரம்பப் பாடசாலையே. ஆறாம் வகுப்புக்குப் பிள்ளை வேறு ஊருக்குப் போகவேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் 2011ஆம் வருஷத்தில் செய்யப்பட்ட விதிகள், ஆரம்பப் பாடசாலை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் மூன்று கிலோமீட்டருக்குள்ளும் கிடைக்கவேண்டும் என்று கூறுகின்றன. அந்த ஒன்றுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் சிறிது. பத்து வயதுப் பெண் குழந்தை தனியே நடந்துபோகவேண்டிய தென்னந்தோப்புப் பாதையில் அது சிறிதன்று.

பிள்ளைகள் நடுவழியில் நின்றுவிடுவது புதிய வியாதி அல்ல. 1929ஆம் வருஷத்தில் ஸர் பிலிப் ஹார்டாக் என்பவரின் தலைமையில் இருந்த கமிட்டியார் இந்தியக் கல்வியைப் பரிசீலித்துத் தங்கள் அறிக்கையை வெளியிட்டார்கள். 1922-23ல் முதல் வகுப்பில் இருந்த ஒவ்வொரு நூறு பேரில், 1925-26ல் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேரே என்று அவர்கள் கண்டார்கள். எஞ்சிய 82 பேருக்காகச் செலவான பணமும் உழைப்பும் சேதமே என்றார்கள். ஏனெனில் நான்கு வகுப்பாவது முடிக்காத பிள்ளை கற்ற எழுத்தைச் சில வருஷங்களில் மறந்து, மீண்டும் கைநாட்டுப் பேர்வழியாகிவிடும். அந்த அறிக்கையை அக்காலத்திலேயே பலர் கண்டித்தார்கள். பாடசாலைகளைப் பெருக்குவதைக் குறைத்து, இருப்பதைச் செம்மைப்படுத்தவேண்டும் என்ற அதன் யோசனை ஏழைகளுக்குக் கதவடைப்பதாகும் என்றார்கள். அந்தக் கண்டனம் நியாயமானதே. ஆனால் 18 என்ற எண் புறக்கணிக்கத் தக்கதன்று.

அந்த நாட்களில் எட்டாம் வகுப்பு முடிவில் இ.எஸ்.எல்.சி. என்று ஒரு பரீட்சை இருந்தது. அதில் தேறிப் பயிற்சியும் பெற்றவர் ஆரம்பப் பாடசாலை உபாத்தியாயராகலாம். ஒரு கிராமத்தில் எட்டு முடித்தவர் ஒருவர் இருந்தால், கடிதம் எழுதுவதும், பத்திரம் படித்துக் காட்டுவதும், மணியார்டர்ப் பாரத்தை நிரப்புவதும் அவர் தலையில்தான் விழும். இப்பொழுது எட்டு வகுப்புப் படிப்பைக் கொண்டு எந்த உத்தியோகமும் சுலபத்தில் கிடைப்பதில்லை. ஆகையால் பிள்ளை எங்கே நிற்கிறான் என்ற கேள்வி, நான்காம் வகுப்பைத் தாண்டிப் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் நகர்ந்துவிட்டது.

ஆரம்ப வகுப்புகளில் கசிவு பெரிதும் அடைபட்டதற்குச் சோறு ஒரு முக்கிய காரணம் என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். 1956ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு தொடங்கிற்று. 1982ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் ஆரம்ப வகுப்புகளுக்குக் காலை உணவும் வந்தது. பூப்பறிக்கும் தாய்மார்களுக்குக் கடைசியாகச் சொன்னது எத்தகைய உதவி என்பதை விளக்கவேண்டியதில்லை. மொட்டு விரியுமுன் பறிக்கவேண்டுமாதலால் அவர்கள் விடியுமுன்னரே தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள், அடுப்பு மூட்ட வீட்டில் ஆள் இருப்பதில்லை. ஆனால் அந்தக் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. ஆறாம் வகுப்புக்குப் போகிற குழந்தை, தூரம் கூடிய அதே நாளில் காலைப் பசியையும் சேர்த்துச் சுமக்கிறது. இதைப் பெற்றோர்கள் முன்கூட்டியே அறிந்து, பழையதோ இட்டலியோ ஏதேனும் ஒன்றுக்கு வழி செய்துவைப்பது நலம்.

உண்மையான அபாயம் எங்கே இருக்கிறதென்றால், ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவே இருக்கிறது. இதை ஊன்றிக் கவனிக்கவேண்டும். ஏப்ரல் கடைசியில் பழைய பாடசாலை, பிள்ளையைப் பதிவிலிருந்து நீக்கி மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுகிறது. புதிய பாடசாலை ஜூன் மாதத்தில்தான் பெயரை எழுதிக்கொள்ளுகிறது. இடைப்பட்ட ஐந்தாறு வாரங்களுக்கு அந்தப் பிள்ளை எந்த உபாத்தியாயருடைய பொறுப்பிலும் இல்லை. கல்வி இலாகாவின் கணினிப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் உண்டு. ஒரு பாடசாலையிலிருந்து விடுபட்டவர்களின் பெயர்கள் பொதுத் தொகுப்பு ஒன்றில் போய் நிற்கின்றன. அந்தத் தொகுப்பில் நிற்கும் பெயரை யாராவது தேடி எடுக்கும்வரை அது அங்கேயே இருக்கும். கணினிக்குக் கால் இல்லை. வீடு தேடிப் போய்க் கூப்பிட மனிதர்தான் போகவேண்டும்.

இந்த இடைவெளியில்தான் பூ விளைகிறது. விடுமுறைதானே என்று பெண் குழந்தை தாயுடன் பூப்பறிக்கப் போகிறது. கிலோக் கணக்கில் கூலி. ஆண் பிள்ளை மாங்காய் இறக்கும் இடத்திலோ, ஊர்ச் சாலையோரத்துக் கடையிலோ, கறவை மாட்டுக் கொட்டிலிலோ நிற்கிறான். முதல் வாரம் அந்தக் காசுக்கு ஐஸ் வாங்கித் தின்கிறார்கள். மூன்றாம் வாரம் அந்தக் காசு வீட்டுச் செலவில் ஒரு வரும்படியாகச் சேர்ந்துவிடுகிறது. ஜூன் வரும்பொழுது படிப்பு என்பது ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிற ஒரு வரும்படியை நிறுத்துவதாக ஆகிவிடுகிறது. எந்தத் தகப்பனும் தன் பிள்ளையைப் படிக்கவைக்கக்கூடாது என்று தீர்மானிப்பதில்லை. ஒரு வாரம் கழித்துச் சேர்க்கலாம், வட்டி கட்டியபின் சேர்க்கலாம் என்றுதான் சொல்லுகிறார். தீர்மானம் எதுவும் செய்யாமலே காரியம் முடிந்துபோகிறது. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது 2016ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின் எல்லாத் தொழில்களிலும் குற்றம் என்பதும், குடும்பத் தொழிலில் உதவுவதற்குத் தந்த சலுகைகூடப் பள்ளி நேரத்துக்குப் புறம்பாகவே என்பதும் பலருக்குத் தெரியாது.

பத்தாம் வகுப்பு முடிந்த பெண்களின் நிலைமை இன்னும் கவலைக்கிடமானது. மேற்கு ஜில்லாக்களிலும் திண்டுக்கல் ஜில்லாவிலும் உள்ள நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரால் ஒரு வழக்கம் பரவியிருந்தது. பெண் ஆலை விடுதியிலேயே தங்கி மூன்று வருஷம் வேலை செய்வாள். முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு உதவும் என்று தருவார்கள். நடுவே நோய்ப்பட்டு வீடு திரும்பியவர்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமற்போன வழக்குகள் பல. தரகர்கள் ஊருக்குள் வருவது எப்பொழுது என்று விசாரித்தால், பரீட்சை முடிந்து மகசூலுக்காகக் காத்திருப்பதுபோல் முடிவுக்காகக் காத்திருக்கும் அந்த வாரங்களில்தான் என்பது விளங்கும். கல்யாணப் பேச்சும் அந்த வாரங்களில்தான் எழுகிறது. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குச் செய்யும் விவாகம் 2006ஆம் வருஷத்துச் சட்டப்படி தண்டனைக்குரியது. 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னால் போதும்.

பரீட்சையில் தவறிவிட்ட பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். விழாக்களில் அவர்களுடைய பெயர் எடுக்கப்படுவதில்லை. பத்தாம் வகுப்பில் ஒன்றிரண்டு பாடங்களில் தவறியவர்கள், முடிவு வந்த சில வாரங்களுக்குள்ளேயே நடக்கும் துணைப் பரீட்சையை எழுதித் தேறி, அதே வருஷத்தில் பதினோராம் வகுப்பில் சேரலாம். ஒரு வருஷம் வீணாகவேண்டிய அவசியம் இல்லை. இச்செய்தி தெரியாமல் வெட்கத்தால் திருப்பூருக்கு ரயிலேறிவிட்ட பையன்களை விசாரித்தால் ஊருக்கு இரண்டு மூன்று பேர் அகப்படுவார்கள்.

இப்பிரதேசத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு விசேஷமான ஞாபகம் இருக்கவேண்டும். 1952ஆம் வருஷத்துப் பொதுத் தேர்தலில் ஆத்தூர்த் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டசபைக்கு அனுப்பப்பட்டவர் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன். டி.வி.எஸ். மோட்டார்க் கம்பெனியை ஸ்தாபித்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வி அவர். அக்காலத்து வழக்கப்படி இளமையிலேயே விவாகமாகி, இருபது வயதைச் சிறிது கடந்தபொழுதே கணவரை இழந்தார். அவ்வளவோடு ஒரு பெண்ணின் வாழ்க்கை முடிந்துவிட்டதாக ஜனங்கள் எண்ணிய காலம் அது. அவரோ மீண்டும் படிக்கப் புறப்பட்டார். டில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்ச் வைத்தியக் கல்லூரியில் பயின்று 1936ல் டாக்டரானார். பின்னர் தம் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு 1947ல் சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரைக்கும் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். படிப்பு அறுந்துபோன பெண்களுக்கும், விதவைகளுக்கும், ஆதரவற்ற குழந்தைகளுக்கும் அங்கே இடம் இருந்தது. 1937ல் வார்தாவில் கூடிய மகாநாட்டில் காந்தியடிகள் எடுத்துரைத்த ஆதாரக் கல்வி முறையில் அங்கே பாடசாலை நடந்தது. 1956ல் கிராமியக் கல்லூரி ஏற்பட்டு, 1976ல் அது சர்வகலாசாலை அந்தஸ்து பெற்றது. 1962ல் திண்டுக்கல்லிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்ற அவர், மத்திய சர்க்காரில் கல்வி உதவி மந்திரியாகவும் இருந்தார். காந்திகிராமத்தைப் பற்றிப் பேசுவோர் கட்டடங்களையும் கதரையும் பட்டமளிப்பு விழாக்களையும் சொல்லுகிறார்கள். அதைத் தொடங்கியவர், இடையில் அறுந்த தம் படிப்பைத் தாமே முடிச்சுப் போட்டுக்கொண்டவர் என்பதைச் சொல்லுவோர் குறைவு. ஆத்தூர்ப் பெண் ஒருத்தியின் படிப்பு அறும்பொழுது வீட்டாருக்கு எடுத்துச் சொல்லத் தக்கது அதுவே.

உபாத்தியாயர்கள் விடைபெறுவதும் வருஷ முடிவில்தான். ஓய்வு பெறும் வயது வருஷ நடுவில் வந்தாலும், பிள்ளைகளின் படிப்புக் கெடாதபடி வருஷக் கடைசி வரை மறுநியமனம் தரும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்துவருகிறது. ஆகையால் மாலைகளும் பொன்னாடைகளும் ஒரே மாதத்தில் குவிகின்றன. மாற்றலுக்கான கலந்தாய்வும் கோடை விடுமுறையை ஒட்டியே நடப்பதுண்டு. 2018 ஜூனில் திருவள்ளூர் ஜில்லாவில் வெளியகரம் என்னும் ஊரின் அரசாங்க உயர்நிலைப் பாடசாலையில் நிகழ்ந்தது பலருக்கு நினைவிருக்கும். பணிநிரவலில் மாற்றப்பட்ட இளம் ஆங்கில உபாத்தியாயர் ஒருவரைப் பிள்ளைகள் சூழ்ந்து, கட்டிப்பிடித்து, போகவிடாமல் அழுதார்கள். மாற்றல் சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் படங்களை இந்தியா முழுவதும் கண்டது. அத்தகைய அன்பைச் சம்பாதித்தவர் பாக்கியசாலி. எனினும் உபாத்தியாயர் போவதைத் தடுக்க எப்பொழுதும் இயலாது. போகிறவர் தம் பின்னால் வருகிறவருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் எழுதிவைத்துப் போகலாம். எந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது, எவனுக்குக் கூட்டல் வருகிறது கழித்தல் வருவதில்லை, எந்த வீட்டில் தகப்பனார் வெளியூரில் இருக்கிறார், யாரை முதல் வாரத்திலேயே தேடிப் போகவேண்டும் என்ற விவரங்கள் எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் கிடைப்பதில்லை. வெள்ளித் தட்டும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து வழியனுப்பும்பொழுது இந்த நோட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுவது பள்ளி மேலாண்மைக் குழுவினரின் உரிமை எனலாம். அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்களாகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்பது 2009ஆம் வருஷத்துச் சட்டம். கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் அவர்களைக் கூப்பிடுவது அந்தச் சட்டத்தின் கருத்தன்று.

மாற்றுச் சான்றிதழைப் பற்றிச் சில வார்த்தைகள். அதை வாங்கியவுடன் மடித்துப் பெட்டியில் வைத்துவிடாமல், பெயர், தகப்பனார் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி இவற்றை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்க்கவேண்டும். முற்காலத்தில், வலது கையைத் தலைமேல் வளைத்து இடது காதைத் தொடச்சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று தீர்மானித்து, உபாத்தியாயரே ஒரு பிறந்த தேதியையும் எழுதிவிடுவார். இன்றைய முதியோர்களில் பலர் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்களாய் இருப்பதன் இரகசியம் இதுவே. அக்காலத்தில் அது வேடிக்கை. இக்காலத்தில் ஓர் எழுத்துப் பிழைக்காகக் கல்லூரிச் சேர்க்கையின்போது தாலூகா கச்சேரிக்கும் கல்வி அதிகாரியின் கச்சேரிக்கும் பல தடவை நடக்க நேரிடுகிறது. சான்றிதழ் கிடைக்கத் தாமதம் என்ற காரணத்தால் எட்டாம் வகுப்பு வரையில் ஒரு பாடசாலை பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மறுக்கலாகாது என்று அந்த 2009ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லுகிறது. சம்பளப் பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்துவைக்கலாகாது என்றும், பாக்கி உண்டு என்று அதில் எழுதலாகாது என்றும் சென்னை ஹைகோர்ட்டு 2024ல் தீர்ப்பளித்தது.

பணத்தைப் பற்றிய பேச்சு வீடுகளில் பலமாக நடப்பதால் அதையும் கணக்காகவே சொல்லிவிடலாம். எட்டாம் வகுப்பில் நடக்கும் தேசிய வருவாய்வழித் திறன் பரீட்சையில் தேறும் ஏழைப் பிள்ளைக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் வீதம் உபகாரச் சம்பளம் வகுக்கப்பட்டது; நான்கு வருஷத்தில் 48,000 ரூபாய். அரசாங்கப் பாடசாலையில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பரில் தொடங்கினார்கள். ஆண் பிள்ளைகளுக்கு அதேபோன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை. அந்தந்த வருஷத்து நிலையைத் தலைமை உபாத்தியாயரிடமோ, 14417 என்ற கல்வி உதவி எண்ணிலோ கேட்டுக்கொள்ளவேண்டும். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. இந்த உதவிகளெல்லாம் நடுவில் நின்றவருக்குக் கிடைப்பதில்லை. ஆறாம் வகுப்பில் ஜூன் மாதத்தில் சேராமற்போன பெண், ஏழு வருஷம் கழித்து வரவேண்டிய பணத்தையும் அன்றே இழந்துவிடுகிறாள்.

இவ்வட்டாரத்துப் பாடசாலைகள் வழியனுப்பு விழாவைச் சிறிது மாற்றி நடத்திப் பார்க்கலாம். அதற்குச் செலவு இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் போகவிருக்கும் பாடசாலையின் தலைமை உபாத்தியாயரை, அல்லது அவர் அனுப்பும் ஒருவரை, அந்த விழாவுக்கு அழைக்கவேண்டும். பழைய உபாத்தியாயர் பிள்ளையின் பெயரைச் சொல்ல, புதியவர் அதே இடத்தில் தம் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். பரீட்சை முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, தாய்மார் இரண்டொருவர் துணையோடு, புதிய பாடசாலைக்கு ஒருமுறை நடந்துபோய் வரவேண்டும். எந்தப் பஸ், எத்தனை மணிக்கு, எங்கே இறங்குவது, தண்ணீர்க் குழாய் எங்கே, பெண்களுக்குக் கழிப்பிடம் எங்கே என்று பார்த்துவரவேண்டும். பத்து வயதுக் குழந்தைக்குப் பாடத்தைவிட இவைதான் பயம்.

பிறகு விடுமுறையில் நடு மே மாதத்தில் ஒரு நாள் மேலாண்மைக் குழுவினர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகவேண்டும். பட்டியல் நீளமானதன்று, ஒரு சிற்றூரில் ஐந்தாம் வகுப்பு முடித்தவர் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் இரார். காலையில் போனால் ஆள் இருக்காது. பூ சந்தைக்குப் போய்விட்ட பிறகு, பகல் பன்னிரண்டு மணிக்குமேல் போனால் தாயும் மகளும் வீட்டில் இருப்பார்கள். ஜூனில் பாடசாலை திறந்து ஒரு வாரம் ஆனதும் பட்டியலின் ஒரு பிரதியை ஆறாம் வகுப்பு உபாத்தியாயரிடம் கொடுத்து, வந்தவர்களுக்கு எதிரே குறியிட்டுத் தரும்படி கேட்கவேண்டும். குறி இல்லாத பெயர்கள் எவையோ, அந்த வீடுகளுக்கு அன்று சாயங்காலமே மறுபடியும் போகவேண்டும். பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவரும், அந்தக் குழந்தைக்கு முதல் வகுப்பில் அகரம் எழுதிக்கொடுத்த டீச்சரும் உடன் போவது நல்லது.